கூறைப்புடவையும் கோதுமையும்

"நாமதான் மூணு வேளையும் அரிசி சாப்புடறோமே, உனக்கு எப்படிப்பா கோதுமை வியாதி வந்துது?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் காஞ்சிபுரத்தில் யாராவது மிச்சம் இருந்தால் தயவுசெய்து இப்போதே வந்து கேட்டுவிட்டுப் போகலாம். ஒரேயடியாகப் பதில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். செவிலிமேட்டிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் கேட்டார்கள். முடிவெட்டும் கடையில், கத்தி என் கழுத்தில் இருக்கும்போது கேட்டார்கள். ஒரு சாவு வீட்டில், பிணத்தை எடுப்பதற்கு முன்னால், என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள். மீதிப் பேர் டீயில் பொறையைத் தோய்த்துக்கொண்டே கேட்கிறவர்கள். பொறை எந்த மாவில் செய்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால், "அது பேக்கரி அயிட்டம்பா" என்கிறார்கள். ஏதோ பேக்கரிக்காரன் வானத்திலிருந்து மாவு இறக்குகிற மாதிரி.

நான் இந்த ஊர்ப் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் விற்பனையாள். மீசை முளைத்த புதிதில் சேர்ந்தேன், இப்போது மீசை நரைத்துவிட்டது. வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகூர்த்தப் புடவைகளை விரித்துக் காட்டுவது என் வேலை. விரித்தால் மட்டும் போதாது. முந்தானை எப்படி விழும் என்று பார்க்க ஆசைப்படுவார்கள். உடனே எழுந்து புடவையை என் தோள்மேலேயே போட்டு, கையை மடக்கி, முழங்கையின்மேல் முந்தானையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். மீசை வைத்த ஆம்பிளை அரக்குப் புடவையில் நிற்பதைப் பார்த்துக் கல்யாணப் பெண் முதலில் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு புடவையைப் பார்க்கும். பார்த்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

ஆக, இந்தத் தொழிலுக்கு முழங்கை முக்கியம். வியாதி நேராக வந்து அங்கேதான் உட்கார்ந்தது.

முதலில் அரிப்பு. அரிப்பு என்று எழுதினால் கொசு கடித்த அளவுக்குத்தான் தெரிகிறது, அதனால் சொல்கிறேன்: அடுப்பில் சூடு பட்ட இடத்தை யாரோ நகத்தால் விடாமல் சுரண்டுகிற மாதிரி இருக்கும். இரண்டு முழங்கையிலும் ஒரே நேரத்தில் வரும். கூடவே முழங்காலில் வரும். அப்புறம் மனிதன் உட்காருகிற இடத்தில் வரும். கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். சொரிந்தால் உடைந்து, கசிந்து, பக்கு கட்டி, ஆறி, கறுத்த தழும்பாகி, அடுத்த கூட்டத்துக்கு வழிவிடும். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, "இது மாம்பழக் கலர்மா, மேடையில லைட் பட்டா அப்படியே ஜொலிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்கு இது வர வேண்டுமா?

போன முதல் டாக்டர் சொறி சிரங்கு என்றார். வீட்டில் எல்லாருமே பூசிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மருந்தைக் கொடுத்தார். என் மனைவியும் மகளும் கழுத்திலிருந்து கால்வரை அதைப் பூசிக்கொண்டு, உட்கார முடியாமல் நிற்க முடியாமல் கூடத்தில் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த முறைப்பு மட்டும் குறையவில்லை.

இரண்டாவதாக வைத்தியம் சொன்னவர் எங்கள் முதலாளி. "உனக்குப் பட்டு ஆகலைபா. சாயம் தோலுக்குள்ள எறங்கிடுச்சு" என்றார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார். கையுறை போட்ட கையால் பட்டைத் தடவிக் காட்டினால் எவள் வாங்குவாள் என்று அவரே ஒரு மணி நேரம் கழித்து யோசித்துவிட்டு, கழற்றச் சொன்னார். சாயம்தான் காரணம் என்றால் பட்டு படாத என் பின்புறத்தில் எப்படி வந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. முதலாளியிடம் அதை எப்படிக் கேட்பது?

மூன்றாவது, நான்காவது என்று ஆளாளுக்குப் பத்தியம் சொன்னார்கள். கத்திரிக்காய் அரிப்பு என்றார்கள், விட்டேன். கருவாடு ஆகாது என்றார்கள், உயிரே போனாலும் பரவாயில்லை என்று விட்டேன். புளி ரத்தத்தைக் கெடுக்கும் என்றார்கள், குழம்பை விட்டேன். குழம்பை விட்ட பிறகு சோற்றை எதில் பிசைந்து சாப்பிடுவது? அதனால் சப்பாத்தி. தொட்டுக்கொள்ளத் தயிர். காலையில் கோதுமை ரவை உப்புமா. கிருத்திகைக்கு விரதம், அன்றைக்கு அரிசி கிடையாது, அதனால் அன்றைக்கும் கோதுமை. உடம்புக்கு முடியாதவனுக்குச் சப்பாத்தியைப் போல ஒரு சாதுவான பண்டம் உலகத்திலேயே கிடையாது என்று எங்கள் தெருவே நம்பியது. நானும் நம்பினேன். எதையெல்லாம் விட்டேனோ அதற்கெல்லாம் ஈடாக விஷத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அரிப்பு ஏறிக்கொண்டே போனது. "பத்தியம் இன்னும் கரெக்டா இருக்கணும்பா" என்றார்கள்.

கடைசியாக ஒரு தோல் டாக்டர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர்தான் இரண்டு முழங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொப்புளத்துக்கு ஓரமாக நல்ல தோலில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். ரத்தமும் எடுத்தார். முடிவு வந்ததும் ஒரு பெயரைச் சொன்னார். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ். அதை நான் சரியாகச் சொல்லப் பழகவே பல வாரம் ஆனது. சொல்லிப் பழகி இன்றுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

"கோதுமையில குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உங்க குடலுக்கு ஆகலை. தகராறு ஆரம்பிக்கிறது குடல்ல, தெரியறது தோல்ல" என்றார் டாக்டர்.

"எனக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையே மேடம்?"

"நெறைய பேருக்கு வயித்துல தெரியாது."

"எத்தினி நாளைக்கு மேடம் கோதுமை சாப்புடக் கூடாது?"

"ஆயுசுக்கும்" என்றார். அதற்குள் மாத்திரையும் எழுதிவிட்டார். அரிப்புக்கு மாத்திரை, வியாதிக்குச் சாப்பாடு என்று பிரித்துச் சொன்னார். மாத்திரை சீக்கிரம் அடக்கிவிடும். ஆனால் அது ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரை, அதனால் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். கோதுமையைச் சுத்தமாக நிறுத்தினால் பல மாதம் கழித்து, சில பேருக்கு வருடக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையைக் குறைக்கலாம். நிறுத்தாமல் மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போக முடியாது. இதுதான் கணக்கு.

அந்த மாத்திரையின் பெயர் டாப்சோன். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். பிறகு என் மூக்கைப் பார்த்தார். "யாருக்கு சார்?" என்றார். எனக்குத்தான் என்றேன். மீதிச் சில்லறையை என் கையில் வைக்காமல் கண்ணாடிமேல் வைத்துத் தள்ளினார். தொழுநோய்க்கும் இதே மாத்திரைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அடுத்த மாதம் போய், "எனக்குத் தொழுநோய் இல்லை" என்று கொஞ்சம் உரக்கவே விளக்கிவிட்டேன். கடையில் நின்ற மற்ற மூன்று பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அதுவரை அந்தக் கடையில் ஒருத்தருக்குத்தான் சந்தேகம் இருந்தது.

மாத்திரை வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு ஓடிப்போனது. நிம்மதியாக உட்கார்ந்தேன் என்பதை அந்த வார்த்தையின் முழு அர்த்தத்தில் சொல்கிறேன். ஆனால் கடை மாடிக்குப் புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைந்திருக்கிறது, இதற்குமேல் மாத்திரையை ஏற்ற முடியாது, வாயைக் கட்டுங்கள் என்றார் டாக்டர்.

வீட்டில் வாயைக் கட்டுவது என் மனைவியின் பொறுப்பானது. தனி வாணலி, தனி தோசைக்கல், தனிக் கரண்டி. கடையில் வாங்குகிற ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். சாம்பார், ரசம், ஊறுகாய், கோயில் புளியோதரை எல்லாவற்றிலும் நான் தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத் தெரிந்தது. "உங்களுக்கு இன்னாங்க, வாய மூடிக்கினு இருந்தாப் போதும். நான்தான் டப்பா டப்பாவாப் படிச்சிக்கினு இருக்கறேன். இவ்ளோ படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேன்" என்றாள். பெருங்காயம் இல்லாத ரசத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எனக்காவது வியாதி இருக்கிறது, அவளுக்கு என்ன தலையெழுத்து?

சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். "ஒரு நாளைக்குச் சாப்ட்டா இன்னா ஆயிடும்?" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. தமிழில் இதைவிட எனக்குப் பிடிக்காத வாக்கியம் கிடையாது. என்ன ஆகும் என்று சட்டையைக் கழற்றிக் காட்டினால் சாப்பிடுகிற நேரத்தில் ஏன் இதையெல்லாம் காட்டுகிறாய் என்பார்கள்.

வீட்டைச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது கடை.

கூறைப்புடவை எடுக்க வருகிறவர்களில் சில குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருக்கும் கிடையாது, ஆனால் உள்ளவர்கள் விடமாட்டார்கள். வரும்போதே தாம்பாளமும் ஒரு ஸ்வீட் பெட்டியுமாக வருவார்கள். கலர் சண்டை, ஜரிகைச் சண்டை, மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் மௌனச் சண்டை எல்லாம் முடிந்து, இதுதான் புடவை என்று முடிவானதும், வீட்டுப் பெரியவள் பெட்டியைத் திறந்து, புடவையை விரித்துக் காட்டியவன் வாயில் முதல் துண்டை ஊட்டுவாள். விற்றவன் வாய் இனித்தால் கட்டுகிறவள் வாழ்க்கை இனிக்கும் என்று நம்பிக்கை. வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அவள் கையால், என் வாயில், அவர்கள் கண் முன்னால். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் அபசகுனம். ஒரு தடவை வேறொரு கடையில் விற்பனையாள் பல்வலி என்று மறுத்ததற்கு, பில் போட்ட புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன குடும்பத்தைப் பற்றி எங்கள் வீதியே பேசியது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் வியாதி என்ற சொல்லே வரக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் கட்டளை.

பெட்டிக்குள் லட்டோ மைசூர்பாகோ இருந்தால் நான் பிழைத்தேன், அது கடலை மாவு. பாதுஷா என்றால் செத்தேன். முழுக்க மைதா. ஒரு காலத்தில் புடவைக் கட்டைத் தூக்கிப் பார்த்தே ஜரிகையின் கனத்தைச் சொன்னவன், இப்போது வாடிக்கையாளர் படியேறும்போது பெட்டியின் மூலையில் நெய்க் கறையைப் பார்த்து உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். பாதுஷா என்றால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்கம்மா" என்று முணுமுணுத்து, புடவைப் பெட்டி எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய்த் துப்புவேன். ஒரு கல்யாணத்தின் இனிப்பைத் துப்புகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். வாயைக் கொப்பளித்தாலும் கொஞ்சம் உள்ளே போகாமல் இருக்குமா? சில அம்மாக்கள் நான் முழுங்குகிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியபோது பாதுஷாவாக வந்தது. அந்த வருடம் இனிப்புக் கடைக்காரர்களுக்கு லட்டு பிடிக்கத் தெரியாமல் போய்விட்டதோ என்னவோ. மாத்திரையையும் மீறி முழங்கை கிளம்பியது. ஒரு நாள் ஒரு குடும்பத்துக்காகப் பச்சைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கடைச் சட்டை அரைக்கை. பெண்ணின் அம்மா முந்தானையைத் தொடக் கை நீட்டியவள், என் முழங்கையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். மகளையும் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு முதலாளி பக்கம் குனிந்து, எனக்குக் காதே கிடையாது என்பது போல, "இவரு கை படாத பீஸா வேற எடுங்க" என்றாள்.

அது ஒட்டுகிற வியாதி இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அந்தப் புடவையைத் தோளிலிருந்து உருவி, மடிப்புகூடப் பார்க்காமல் சுருட்டி வைத்தேன். கோபம் என்று அப்போது நினைத்தேன். அவமானம்.

அன்று சாயங்காலம் முதலாளி, "கொஞ்ச நாளைக்கு மடிப்பு ரூமுக்குப் போபா. தப்பா எடுத்துக்காத" என்றார். மடிப்பு ரூம் என்பது கடையின் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். முன்னால் விரித்துப் போட்ட புடவைகள் அங்கே வரும், பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்து அடுக்க வேண்டும். அதுவரை நான் விரித்ததை யாரோ மடித்தார்கள். இப்போது யாரோ விரித்ததை நான் மடித்தேன். முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். எந்தப் புடவைக்குச் சிரிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே மடிப்பேன். என் கையால் கூறைப்புடவை வாங்கியவர்கள் மகளுக்கு வாங்க வந்து, "அவரு இல்லையா?" என்று கேட்பதும் காதில் விழும். இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கும்.

இதில் என் எரிச்சலுக்கெல்லாம் சிகரம் என்னவென்றால், மடிப்பு ரூமில் உடம்பு தேறிவிட்டது. யாரும் ஊட்டவில்லை, அதனால் கொப்புளம் இல்லை. சில மாதம் போனதும் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். ரத்தமும் ஏறியிருந்தது. "என்ன மாத்தினீங்க? இதையே கண்டினியூ பண்ணுங்க" என்றார் சந்தோஷமாக. நாடு கடத்தியதைத் தொடர்ந்து செய்யச் சொல்கிறார் என்று வீட்டில் வந்து சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அங்கியே இருந்துடுங்களேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த வேலை அந்த மெத்தை ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தால்தான் நான் ஒரு ஆள். இதை அவளிடம் சொல்லத் தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் முதலாளியே வந்து கூப்பிட்டார். என் இடத்தில் அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தொப்பைமேல் விழுந்த முந்தானை எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கவில்லை. "முழுக்கை சட்டை போட்டுக்கினு வந்து ஒக்காரு" என்றார்.

"ஸ்வீட்டு மொதலாளி?"

"அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். முதல் பாதுஷா என் வாயை நோக்கி வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முந்திக்கொண்டு, "எங்க கடையில மொதலாளி வாய்லதாம்மா போடணும். எங்கப்பா காலத்து வழக்கம்" என்று வாயைத் திறந்தார். அப்படி ஒரு வழக்கம் அவர் அப்பா காலத்திலும் கிடையாது, தாத்தா காலத்திலும் கிடையாது. அந்த நொடியில் பிறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக ஒரு மனிதன் இவ்வளவு செய்கிறாரே என்று.

கலங்கியிருக்க வேண்டாம். முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் அவருக்குச் சீனி போடாத டீதான். அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், வாழைப்பழத்தைக்கூடப் பூட்டி வைத்திருந்தார். அந்த மனிதருக்கு என் வியாதி லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிட்டது. பெட்டியோடு யாராவது படியேறினால் எங்கிருந்தாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். லட்டு வந்தால், "இது எனக்கு ஆகும் மொதலாளி" என்று நான் சொல்வதற்குள் அதுவும் அவர் வாய்க்குள் போயிருக்கும். "உனக்காகத்தான்பா" என்று மீசையைத் துடைத்துக்கொள்வார். அந்த முகத்தில் இருந்தது தியாகம் இல்லை.

கொஞ்ச நாளில் அம்மா எனக்குப் போன் செய்தார். "ஏம்பா, அவருக்குச் சுகர் எகிறிக்கினே போவுது. கடையில இன்னா சாப்புடறாரு?" நான் என்ன சொல்வது? சொன்னால் மெத்தை போகும். டீ மட்டும்தான்மா என்றேன். முதலாளியிடம் வேண்டாம் என்று கெஞ்சினேன். "அப்ப நீ துன்றியா?" என்றார்.

பிறகு அவர் காலில் கட்டைவிரல் ஓரத்தில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் நின்றது. கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் காலை, அவர் வருவதற்கு முன்னால், அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருந்தது. புண் இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உன் தோலக் காப்பாத்திக்க அவரு காலுதான் கெடச்சுதாப்பா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல், முதலாளிமேல், கோதுமைமேல், பாதுஷாவைக் கண்டுபிடித்தவன்மேல். நானா அவரைச் சாப்பிடச் சொன்னேன்? ஆனால் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அதுவும் உண்மை.

அன்றைக்கே மாகறல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தைதான் தலைமை. பெரிய பொட்டு, கனத்த குரல். அவர் உட்கார் என்றால் மாப்பிள்ளையின் அப்பாவே உட்கார்ந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை விரித்தேன். கடைசியில் அரக்கில் பச்சைக் கரை போட்ட ஒன்றைத் தோளில் போட்டு நின்றதும், பெண் சிரிக்க மறந்து பார்த்தது. "இதான்" என்றார் அத்தை. நான் புடவையோடு அப்படியே உட்கார்ந்தேன். பெட்டி திறந்தது. பாதுஷா. ஒரு துண்டு பிட்டு என் பக்கம் நீட்டினார். முதலாளி வழக்கத்தைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். மடக்கி உட்கார முடியாமல் நீட்டியிருந்த அவர் காலின் கட்டு எனக்கு நேர் எதிரே இருந்தது.

அத்தையின் கை அவர் பக்கம் திரும்பியது. நான் என் கையை நடுவில் நீட்டிவிட்டேன்.

"அவருக்குக் குடுக்காதீங்கம்மா. சக்கரை. கால்ல புண்ணு. எனக்கும் வேணாம்மா. எனக்குக் கோதுமை ஆகாது, தோல்ல வியாதி. ரெண்டு பேருமே சாப்புடக் கூடாது."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாபா இது, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வியாதிப் பேச்சு?" என்றார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போய்யா" என்றார். நான் எழுந்தேன். மெத்தை அவ்வளவுதான் என்று தெரிந்தது. தோளிலிருந்து புடவையை எடுக்கப் போனேன்.

"இரு" என்றார் அத்தை. "இன்னா வியாதி? காட்டு."

முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிச் சுருட்டிக் காட்டினேன். கொப்புளம் எதுவும் இல்லை, தழும்புகள்தான். பெண்ணும் எட்டிப் பார்த்தது. அத்தை ஒரு விரலால் தழும்பை அழுத்திப் பார்த்தார். டாக்டரைத் தவிர யாரும் அதுவரை தொட்டதில்லை.

"ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா."

"கோதுமை தவுர மத்ததெல்லாம் சாப்புடுவியா?"

"சாப்புடுவேம்மா."

அவர் பாதுஷாவைப் பெட்டியில் போட்டார். தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாவற்றுக்கும் நடுவே கிண்ணத்தில் இருந்த கற்கண்டில் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டார். "வாய் இனிச்சுதா? போதும். பில்லப் போடு" என்றார். முதலாளி பழக்க தோஷத்தில் மறுபடியும் வாயைத் திறந்தார். "நீ மூடுப்பா. ஒனக்குத்தான் சக்கரைன்றாரே" என்றார்.

எந்தத் தாம்பாளத்தில் கற்கண்டு இல்லாமல் இருக்கிறது? எத்தனை கல்யாணத் தாம்பாளங்கள் என் முட்டிக்கு நேராக வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "எனக்கு அதுல ஒண்ணு போடுங்கம்மா" என்று கேட்டிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். கற்கண்டைக் கடித்துக்கொண்டே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு முதலாளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பில் கட்டையைப் புரட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வாசலில் அடுத்த கார் வந்து நின்றதும், என் முகத்தைப் பார்க்காமல், "பார்ட்டி வந்துக்கினு இருக்குது, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"இன்னிக்கு எதுனா சாப்ட்டாராப்பா?"

"இல்லம்மா. பாதுஷா வந்துது, நான் குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

போனை வைக்கப் போனேன்.

"நீ சாப்டலையே?" என்றார்.

இல்லம்மா என்று சொல்ல வேண்டியதுதானே? கற்கண்டு, தாம்பாளம், மாகறல் அத்தை என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர்ந்தேன்.